கைப்பையில் ஒரு சீனிப் பொட்டலம்

தலவாக்கலையில் அக்கரப்பத்தனை பஸ்ஸுக்கு நின்றபோது போன் வந்தது. "மேரி மிஸ் போயிட்டாங்க." எங்கள் தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் அவர் நர்ஸ், நான் மருந்து கொடுப்பவள். பதினொரு வருடம் ஒரே மேசையில் சோறு தின்றிருக்கிறோம். பஸ் வந்தும் ஏறத் தோன்றவில்லை.

இன்சுலின் போடுகிறவர்களை அவர் திட்டாத நாளே இல்லை என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். நம் ஆட்கள் விடிந்ததும் ஊசியைப் போட்டுக்கொண்டு, சீனியில்லாத தேத்தண்ணியோடு வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் கொடுக்க ஓடுவார்கள். ரொட்டி தின்பது மலையில், பத்து மணிக்குத்தான்.

"கணையத்துல சின்னச் சின்னத் தீவாட்டம் இருக்குங்க. அதுல இன்சுலின்னு ஒருத்தரு ரத்தத்துச் சீனிய எறக்குவாரு, குளுக்ககன்னு ஒருத்தரு ஏத்துவாரு. ரெண்டு பேரையும் அடக்கி வைக்க, கங்காணி மாதிரி இன்னொருத்தரு. நீங்க எறக்குற ஆள மட்டும் ஊசியில அனுப்பிட்டு வயித்தக் காயப்போட்டா எப்பிடிங்க?" என்பார்.

ஒரு நாள் கொழுந்து பறிக்கும்போது லெச்சுமி அக்கா சரிந்து விழுந்தார். உடம்பெல்லாம் வியர்வை, வாய் குழறியது. யாரோ இனிப்புத் தேத்தண்ணி நீட்டினார்கள். "சீனி நோய்க்காரிக்கு இதையா குடுக்குறீங்க?" என்று, சேதி கேட்டு முதலில் ஓடிப்போய் அதைத் தட்டிவிட்ட புத்திசாலி நான்தான். பின்னால் மூச்சிரைக்க ஏறி வந்த மேரி மிஸ், கைப்பையிலிருந்த சீனிப் பொட்டலத்தைப் பிரித்து லெச்சுமி அக்காவின் வாயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. எல்லார் முன்னாலும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மலையிறங்கும்போதுதான், "கூடுன சீனி மெதுவாக் கொல்லும்மா. கொறஞ்சது காத்திருக்காது" என்றார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாவு வீட்டில் அதே லெச்சுமி அக்கா மேரி மிஸ்ஸின் காலடியில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை, குளிரில் எல்லாரும் போர்த்தியிருக்க, லெச்சுமி அக்காவின் நெற்றியில் மட்டும் வியர்வை.

"ஊசி போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"காலையிலயே போட்டேன்."

"சாப்டீங்களா?"

"மிஸ்ஸ எடுக்காம எப்பிடிம்மா பல்லுல தண்ணி படும்?"

என் பையிலிருந்த சீனியைப் பிரித்து நீட்டினேன். உதட்டை இறுக்கிக்கொண்டார். "இது அவங்க காப்பாத்துன உசுரு, அக்கா. அவங்க முன்னாலயே விட்டுறாதீங்க" என்று அழுதேன். வாயைத் திறந்தார்.

பெட்டியை எடுக்கும் முன்பே அந்த வீட்டு அடுப்பை மூட்டி, ஊசி போட்டவர்களையெல்லாம் தேடித் தேடிச் சோறு கொடுத்தேன். சிலர் முகம் சுளித்தார்கள். அவர் ஞாபகமாக என்னிடம் இருப்பது பையில் சீனிப் பொட்டலம் வைக்கிற பழக்கமும், யாரைப் பார்த்தாலும் முதலில் வாயில் வருகிற அவருடைய கேள்வியும்தான்: "சாப்டீங்களா?" அன்று அதை எல்லாரிடமும் கேட்டேன். திரும்பிக் கேட்க அவர்தான் இல்லை.