கல்லில் நான் மாற்றிய பெயர்

ஒரு தாயின் பெயரை நான் மாற்றி எழுதினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மாற்றச் சொல்லவும் இல்லை. நானாகவே செய்தேன்.

போரில் இறந்த ஒரு படைத்தளபதிக்கு யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் நினைவுக்கல் வைத்தார்கள். அவன் எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பில், லயத்தில், பிறந்தவன். தகப்பன் சிங்களவர், லொறி ஓட்டியவர். தாய் ரப்பர் பால் வெட்டும் தமிழ்ப் பெண். ஐந்தாம் வகுப்புவரை என்னிடம்தான் படித்தான். காலையில் தாய்க்கு வாளி தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து, விரல்களில் காய்ந்த பாலை மேசைக்கடியில் உரித்துக்கொண்டிருப்பான். பிறகு கேகாலையில் சிங்களப் பள்ளி, அங்கிருந்து இராணுவம். காயப்பட்ட சிப்பாய்களைத் தூக்கிவரத் தானே போய்ச் செத்தான்.

எனக்குச் சிங்களம் நன்றாக எழுத வரும் என்பதால், கல்லில் பொறிக்கும் வாழ்க்கைக் குறிப்பை விழாக் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். தாயின் பெயரில் இருந்த ‘அம்மாள்’ என் கண்ணை உறுத்தியது. தமிழரோடு சண்டை நடக்கிற நேரத்தில் தமிழ்ப் பெயர் எதற்கு என்று அதை வெட்டி, முன்பாதியையும் மாற்றி, ‘மெனிக்கே’ என்று சிங்களப் பெயராக முடித்தேன். கோழைப் பயல் நான்.

திறப்பு விழாவில் பூ வைக்க அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் மூன்று முறை கூப்பிட்டார்கள். என் பக்கத்தில் இருந்த தாய் எட்டி எட்டிப் பார்த்தாள்.

“யாரு மாஸ்டர் அந்தப் பொம்பள? கூப்புடக் கூப்புட அசையாம இருக்கா. காது செவுடா?”

“அக்கா, அது நீங்கதான். நாந்தான் பேர மாத்தி எழுதிட்டேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“எனக்கே பேரு வச்சீங்களா? நாக்குல சீனித் தண்ணி தொட்டு வைக்கலியே மாஸ்டர்!”

மகனுக்காக எழுந்து போய்ப் பூ வைத்தாள்.

யுத்தம் முடிந்தபின் பெயரைத் திருத்தக் கேட்டு மனு மேல் மனு போட்டேன். “கல்லு வெட்டியாச்சே மாஸ்டர், இனி எதுக்கு இந்தக் கரைச்சல்?” என்று ஓர் அதிகாரி சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். அவனுக்கு அது கரைச்சல், வெறும் தொல்லை! மகனின் உயிரை வாங்கிக்கொண்டவர்களுக்குப் பெற்றவளின் பெயர் கசந்தது. அந்தக் கசப்பை அவர்களுக்கு முதலில் பழக்கியவன் நான்.

போன வருடம் பட்டப்பகலில் கறுப்புப் பெயின்ட் கொண்டுபோய், அவளுடைய சொந்தப் பெயரை இரண்டு மொழியிலும் கல்லில் எழுதினேன். பொலிசார் சாயங்காலம்வரை உட்காரவைத்து அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் குழுவினர் என் எழுத்தோடு பழைய பொய்ப் பெயரையும் சேர்த்துச் செதுக்கி எடுத்துவிட்டார்கள். கல்லில் இப்போது தகப்பன் பெயர் மட்டும்தான்.

வருடா வருடம் கல்லடியில் நடக்கும் நினைவு விழாவுக்கு இந்த முறை அவளுக்கு அழைப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்க லயத்துக்குப் போனேன். உள்ளே வரச் சொல்லாமல், வாசலை மறித்துக்கொண்டே பேசினாள்.

“பொய்ப் பேரக் கூப்புட்டப்பயாச்சும் எந்திரிச்சுப் போயி எம்புள்ளைக்குப் பூ வச்சேன். இனி எவளக் கூப்புடுவாங்க மாஸ்டர்?”