ராய்ஸ் டில்லரிக்கு விழுந்த மின்சார வண்டி

டெக்சஸின் பிளம் ஃபோர்க் ஊரில் ராய்ஸ் டில்லரி ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார். அதில் கடைசி ஆறு ஆண்டுகளை மின்சார பிக்கப் வண்டியை எதிர்ப்பதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். அந்த வயதில் மற்றவர்கள் ஏரியில் தூண்டில் போடுகிறார்கள், சர்ச்சில் பாடுகிறார்கள், இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ராய்ஸ் அப்படிப்பட்ட சில்லறை மனிதர் அல்ல. அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கொள்கை என்றால் டீசல்.

வீடுகளுக்கு இன்சூரன்ஸ் விற்பது அவர் தொழில். வீட்டிலிருந்து அலுவலகம் மூன்று மைல். நல்ல தார்ச்சாலை, மேடு என்று பார்த்தால் நடுவில் ஒரு ரயில் தண்டவாளம். இந்த மூன்று மைலைக் கடப்பதற்காக அவர் வைத்திருந்தது, ஒரு சிறிய வீட்டையே அடியோடு பெயர்த்து இழுத்துப் போகக்கூடிய டீசல் பிக்கப். நான்கு கதவு, பின்னால் இரட்டைச் சக்கரம், ஏறுவதற்குத் தனியாக ஒரு படி. அந்தப் படியில் ஏறும்போதெல்லாம் அவருடைய வலது முழங்கால் முறையிடும். முறையீட்டை அவர் கண்டுகொள்வதில்லை.

அந்த வண்டியின் பின்தொட்டி ஒன்பது ஆண்டுகளில் சுமந்த பாரங்களை மூச்சு விடாமல் சொல்லிவிடலாம்: ஒரு கிறிஸ்துமஸ் மரம், மனைவி வெர்னெலின் தையல் மிஷின், உறை பிரிக்காத ஒரு மெத்தை. தொட்டியில் கீறல் விழக்கூடாதென்று ரப்பர் விரிப்புப் போட்டிருந்தார். ரப்பரில் கீறல் விழக்கூடாதென்று அதன்மேல் கார்ப்பெட்.

தினமும் காலை ஆறரைக்கு பெட்ரோல் பங்கை ஒட்டிய காபிக் கடையில் ஆறு ஆண்கள் ஒரு மேஜையில் கூடுவார்கள். ஆறு பேருக்கும் ஆறு பிக்கப். மாடு வைத்திருந்தவர் ஒருவர்தான். அவருக்குப் பேச நேரமிருப்பதில்லை. ஆகவே வண்டிகளைப் பற்றிய முடிவுகளை ராய்ஸ் எடுத்துவந்தார். அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து தலையாட்டும் பொறுப்பு டப் சாட்டர்ஒயிட்டுடையது. டப் முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ராய்ஸுக்கு அவர் பால்ய நண்பர். அதாவது, ராய்ஸ் சொன்னதையே அதிகத் தடவை கேட்டிருப்பவர்.

"நாளைக்கே ஒரு சூறாவளி வருது. கரண்ட் போயிடுது. அப்ப உன் மின்சார வண்டி என்னய்யா பண்ணும்?" என்று ஒருநாள் ராய்ஸ் மேஜையைப் பார்த்துக் கேட்டார்.

"பங்க்ல டீசல் அடிக்கிற பம்பும் கரண்ட்லதான ஓடுது," என்றார் டப்.

"அது வேற கரண்ட்."

டப் சற்று யோசித்துவிட்டுத் தலையாட்டினார். மேஜையும் ஆட்டியது. விஷயம் தீர்ந்தது.

இத்தகைய அறிவு வீணாகக் கூடாதென்று ராய்ஸ் அந்த ஆண்டு மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தின் இயக்குநர் பதவிக்குப் போட்டியிட்டார். சங்கம்தான் அந்த வட்டாரத்துக்கே மின்சாரம் கொடுக்கிறது. மின்சாரம் விற்கும் சங்கத்தில் உட்கார்ந்து மின்சாரத்தை எதிர்ப்பதில் ஏதோ இடிக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. உண்மையில் அவருக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலி. வெர்னெலின் அப்பா அந்த நாற்காலியில் இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்தவர். சாகும் வரை ஒவ்வொரு நன்றி நாள் விருந்திலும் வான்கோழியை அறுத்துக்கொண்டே, "என்னப்பா ராய்ஸ், இன்னும் இன்சூரன்ஸ்தானா?" என்று கேட்டவர். மாமனார் செத்த பிறகாவது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்பது மருமகனின் தணியாத தாகம்.

இதற்கு வசதியாக சங்கத்தின் மேலாளர் கிரெய்க் மாபரி ஒரு தவறு செய்திருந்தார். வெளியூர் மாநாடு ஒன்றுக்குப் போனவர் ஞானம் பெற்றுத் திரும்பினார். திரும்பியதும், கம்பம் ஏறும் ஊழியர்களுக்காக முழு மின்சார பிக்கப் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தி, "மாறத் தயாரா?" என்று ஒரு தாளையும் ஒட்டினார். பதினான்கு மாதத்தில் இரண்டு பேர் அதில் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்தார்கள். ஒருவருக்குத் தன் வண்டி ரிப்பேரில் இருந்தது. இன்னொருவர் மத்தியானம் அதில் ஏசி போட்டுக்கொண்டு தூங்கினார். இன்ஜின் சத்தம் இல்லாததால் தூக்கம் நன்றாக வருவதாகச் சான்றும் கொடுத்தார். கடைசியில் கிரெய்க் அந்த வண்டியை ஆண்டுக் கூட்டத்தில் குலுக்கல் பரிசாகக் கொடுத்துத் தலைமுழுகத் தீர்மானித்தார்.

"நம்ம ஆளுங்கள பொம்மை வண்டியில ஏத்தப் பாக்கறாங்க. நான் உள்ள போனா ஒரு பேட்டரிகூட வாசப்படி தாண்டாது," என்று ராய்ஸ் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். இன்சூரன்ஸ் படிவத்தையும் கையோடு எடுத்துப் போனார்.

எதிர்த்து நின்றவர் நோவலின் ஹார்கிஸ். அறுபத்தாறு வயது விதவை. நூற்று நாற்பது ஆடுகளும், கதவைக் கம்பியால் கட்டிய இருபத்தெட்டு வருஷத்துச் சின்ன பிக்கப்பும் வைத்திருந்தார். சர்ச் கூடத்தில் வேட்பாளர்கள் இருவரையும் நிறுத்தி, மின்சார வண்டிக்கு மாறுவீர்களா என்று கேட்டார்கள். ராய்ஸ் பத்து நிமிடம் பேசினார். அதில் சுதந்திரம் நான்கு முறை வந்தது. பிறகு நோவலின் எழுந்தார்.

"சந்தைக்குப் போக எழுபது மைலு, வர எழுபது மைலு. பின்னாடி டிரெய்லர்ல முப்பது ஆடு. ஜனவரிக் குளிரு. சார்ஜ் தாங்கும்னா மாறுவேன். தாங்காதுன்னா மாறமாட்டேன். ஏம்ப்பா கிரெய்க், தாங்குமா?"

"அது வந்து... சூழ்நிலையப் பொறுத்தது மேடம்."

"அப்ப சூழ்நிலை வந்ததும் சொல்லியனுப்பு," என்று உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம். வண்டியைப் பற்றிக் கேட்டால் வண்டியைப் பற்றியே பதில் சொல்லும் ஒருவரை வைத்துக்கொண்டு என்ன அரசியல் செய்ய முடியும்?

அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை, கண்காட்சிக் கொட்டகையில் ஆண்டுக் கூட்டம் நடந்தது. இயக்குநரைத் தேர்ந்தெடுக்கத்தான் எல்லோரும் வருவதாகச் சங்கத்தின் குறிப்பேடு சொல்லும். ஜனங்கள் வருவது புகையில் வாட்டிய மாட்டுக்கறிக்கும் குலுக்கலுக்கும். இது தெரிந்துதான் பெரிய பரிசை எப்போதும் வாக்கெடுப்புக்குப் பிறகு, கடைசியில் குலுக்குவார்கள். இந்த வருஷம் உள்ளூர்ப் பத்திரிகையின் ஒரே புகைப்படக்காரருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. படம் இல்லாமல் வண்டியைக் கொடுக்க கிரெய்க்குக்கு மனம் வரவில்லை. குலுக்கலை வாக்கெடுப்புக்கு முன்னால் வைத்தார்.

காபி மிஷின் போயிற்று. மரம் அறுக்கும் ரம்பம் போயிற்று. பிறகு கிரெய்க் பீப்பாயைச் சுழற்றி ஒரு சீட்டை எடுத்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ராய்ஸ் டில்லரி."

பீன்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்தார்கள். பிறகு கொட்டகையின் தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள்.

ராய்ஸ் எழுந்தார். மேடைக்குப் போவதற்குள் மறுப்புரை தயாராகிவிட்டது. ஐந்து வாக்கியம், ஐந்தும் வீரம். ஆனால் மேடைக்கு எதிரே நின்ற பரிசு வண்டியின் அருகில் புகைப்படக்காரர் அவசரத்தில் இருந்தார். "சார், ஏறி உக்காருங்க, ஒரே ஒரு படம்," என்றார். மறுப்பதற்கு முன் உட்காருவதில் தவறில்லை என்று ராய்ஸ் ஏறினார்.

படி இல்லை. முழங்கால் முறையிடவில்லை. இருக்கை அவர் இடுப்பை, வெர்னெல்கூட இத்தனை வருஷத்தில் காட்டாத பரிவோடு ஏந்திக்கொண்டது. "மேடை ஓரமா நாலடி கொண்டுவாங்க," என்றார் கிரெய்க். ராய்ஸ் பெடலில் காலை வைத்தார். வண்டி நகர்ந்தது, நகர்ந்ததே நின்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இறங்கியபோது ஐந்து வாக்கியத்தில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

மேஜைக்குத் திரும்பியதும் வெர்னெல் தாழ்ந்த குரலில், "இறங்கும்போது நீ முனகவே இல்லையே," என்றாள்.

"மேடையில முனகுவாங்களா?"

"வீட்ல, கடையில, சர்ச் வாசல்ல எல்லாம் முனகுறியே."

அப்போது சங்கத்தின் வக்கீல் ஒலிபெருக்கியைப் பிடித்து விதியை வாசித்தார். இயக்குநர்கள் பரிசு பெறத் தகுதியற்றவர்கள். பரிசு ஒப்படைக்கப்படுவது கூட்டத்தின் முடிவில். ஆகவே டில்லரி தேர்தலில் வென்றால் வண்டி இரண்டாவது சீட்டுக்குப் போகும். இரண்டாவது சீட்டு எடுக்கப்பட்டது. டப் சாட்டர்ஒயிட்.

காபி மேஜையின் ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கவலைப்படாத டப்," என்று ஒருவர் முதுகில் தட்டினார். "ராய்ஸ் ஜெயிச்சா அந்தச் சனியன் உன் தலையில. ஆனா யோசிச்சுப் பாரு, துரு பிடிக்காத கோழிக்கூண்டு கிடைக்குமே."

டப் சிரித்தார். ஆனால் அவர் கண் மேடையோரத்தில் நின்ற வண்டியின் மேல் இருந்தது. சிரிப்பு முடிந்த பிறகும் அங்கேயே இருந்தது. இதைக் கவனிக்கும் நிலையில் ராய்ஸ் இல்லை. அவருடைய கண்ணும் அங்கேதான் இருந்தது.

வாக்கெடுப்பு தொடங்கியது. அந்த நாற்காலிக்கு வாக்குப் போட வேண்டிய அவருடைய வட்டத்திலிருந்து வந்திருந்தவர்கள் அறுபத்தொரு பேர். ராய்ஸ் வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார். ஒரு பக்கம் நாற்காலி. மாமனாரின் வான்கோழிக் கேள்விக்குப் பதில். இன்னொரு பக்கம் இடுப்பு. அவர் நியாயமாக யோசித்தார். தனக்குத்தானே வாக்களித்துக்கொள்வது கண்ணியமா? எதிரில் நிற்பவர் ஒரு பெண்மணி, அதுவும் விதவை. எப்படியும் தான் இருபது வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்கப் போகிறவர். ஒரு சீட்டு, மரியாதை நிமித்தம், அந்தப் பக்கம் போனால் ஜனநாயகம் குடிமுழுகிவிடாது. இவ்வளவு உயர்ந்த எண்ணங்களோடு நோவலின் ஹார்கிஸ் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டார்.

நோவலின் முப்பத்தொன்று. ராய்ஸ் முப்பது.

நோவலின் விரல் விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார். "நான் முப்பதுன்னுதான் கணக்குப் போட்டு வச்சிருந்தேன்," என்றார். "ஒண்ணு கூடுதலா விழுந்திருக்கு." வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவரின் பார்வை ராய்ஸின் முகத்தில் வந்து நின்றது. "போட்ட புண்ணியவான் யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்." தொப்பியை எடுத்துக்கொண்டு ஆடுகளைக் கவனிக்கப் போய்விட்டார்.

கிரெய்க் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். ராய்ஸ் அதை, தண்டனையை ஏற்கும் குற்றமற்றவனைப் போல வாங்கிக்கொண்டார். "ஊரு சேந்து என்னத் தோக்கடிச்சு இதத் தலையில கட்டிடுச்சு," என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். டீசல் வண்டியை வெர்னெலை ஓட்டி வரச் சொல்லிவிட்டு, மூன்று மைல் தள்ளியிருந்த வீட்டுக்குப் பதினொரு மைல் சுற்றிக்கொண்டு போனார்.

ஒரு மனிதன் தன் தோல்விக்குத் தானே காரணம் என்று தெரிந்துகொண்டு எத்தனை நாள் நிம்மதியாக இருக்க முடியும்? ராய்ஸ் இரண்டு நாள் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் காலை, காபி மேஜையில், கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"இந்த மேஜையில ஒரு துரோகி இருக்கான்."

ராய்ஸ் வலப்பக்கம் திரும்பினார்.

"ஏன் டப்? நாப்பத்தஞ்சு வருஷப் பழக்கம்யா."

"நானா?" டப்பின் கையில் இருந்த பிஸ்கட் பாதியில் நின்றது. "நான் உனக்குத்தான்யா போட்டேன்."

"நான் ஜெயிச்சா அந்த மின்சாரக் கருமம் உன் வீட்டு வாசலுக்கு வரும். அதுக்குப் பயந்துதான என்னத் தோக்கடிச்ச? மனசார சொல்லு."

மேஜை டப்பைப் பார்த்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. மின்சார வண்டியை ஆறு ஆண்டுகளாகத் தலையாட்டித் தலையாட்டி எதிர்த்த மனிதன் அது தன் வாசலுக்கு வராமலிருக்க வேறு என்ன செய்வான்?

டப் வாயைத் திறந்தார். அவரிடம் அசைக்க முடியாத பதில் ஒன்று இருந்தது. அந்த வண்டி எனக்கு வேண்டும், அதற்காகவே நீ ஜெயிக்க வேண்டும் என்று கொட்டகையிலேயே வேண்டிக்கொண்டேன், என் வாக்கு உனக்குத்தான். அதைச் சொன்னால் துரோகி இல்லை என்று ஆகிவிடும். ஆனால் ஐந்து முகங்கள் காத்துக்கொண்டிருந்தன. வாசலில் ஐந்து டீசல் வண்டிகள் நின்றன. மின்சார வண்டிக்கு ஆசைப்பட்டவன் என்று தெரிந்தபின் அந்த மேஜையில் மனிதனாக உட்கார முடியாது. நண்பனைக் கவிழ்த்தவன் உட்காரலாம். அப்படிப்பட்டவர்கள் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டார். பிஸ்கட்டைக் கடித்து, மென்று, விழுங்கினார்.

"ஆமாய்யா," என்றார். "நான்தான் போட்டேன். பயந்துட்டேன்."

மேஜை பெருமூச்சு விட்டது. மாட்டுக்காரர் அந்த வருஷத்தில் முதல்முறையாகப் பேசினார். "இருக்கறதுதான். நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்."

ராய்ஸ் நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வலி இருந்தது. அதில் ஒரு துளிகூட நடிப்பில்லை, ஏனெனில் இதற்குள் அவரே நம்பிவிட்டார். பிறகு டப்பின் தோளில் கை வைத்தார்.

"போகட்டும்," என்றார். "மன்னிச்சிட்டேன்."