ஓட்டுநர் கருத்து

டிவியில் படம் போய்விட்டது என்பதே, அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்த புருஷன் சொல்லித்தான் தையலக்காவுக்குத் தெரிந்தது. காலை ஒன்பது மணியிலிருந்து அந்த டிவி அவள் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாமியாரும் மருமகளும் சண்டை போட்டார்கள், ஒரு டாக்டர் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார், யாரோ ஒரு பெண் தொலைந்துபோனாள். எல்லாவற்றையும் கேட்டபடி அவள் பதினாலு பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைத்து முடித்திருந்தாள்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்றார் புருஷன்.

"எப்படி இருக்கு?"

"படத்தையே காணோம். நடுவுல ஒரு வெள்ளைக் கோடுதான் ஓடுது. நாள் முழுக்க வீட்டுலதானே இருக்க, நீ பாக்கவே இல்லையா?"

"இல்லையே."

இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு எப்படித்தான் புரியவைப்பது? தையல் மெஷின் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கிறது. வெளிச்சம் அங்கேதான். டிவி எதிர்ச் சுவர் ஓரமாக, அவருடைய நாற்காலிக்கு நேராக இருக்கிறது. பதினாறு வருஷமாக அவள் அந்த டிவிக்கு முதுகைத்தான் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். சத்தம் கூட்டவேண்டுமென்றால்கூடத் திரும்புவதில்லை. நீளமான மர ஸ்கேலைப் பின்பக்கமாக நீட்டி, பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை ஒரு குத்துக் குத்துவாள். குறி தப்பாது. அந்த டிவியும் லேசுப்பட்டதில்லை, பின்னால் புடைத்துக்கொண்டு பாதி மேசையை அடைத்தபடி உட்கார்ந்திருக்கும் பழைய காலத்துப் பெட்டி. குரல் மட்டும் கணீரென்று இருக்கும்.

தெருவில் அவளுக்குத் தையலக்கா என்று பெயர். அவள் புருஷனுக்கு பஸ் டிப்போவில் 'கட்டம் சார்' என்று பெயர். ஓடித் தேய்ந்த பஸ்ஸைப் பழுது பார்ப்பதா, உடைப்புக்குத் தள்ளுவதா என்று ஆய்வு செய்து எழுதுவதுதான் அவர் உத்தியோகம். அதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டார். முக்கியமாகக் கடைசிக் கட்டம், ஓட்டுநர் கருத்து. மேலதிகாரி வந்து அவசரப்படுத்தினாலும், "ஓட்டுறவன் சொல்லாம நான் எப்படி சார் எழுதறது?" என்பார். டிரைவர் சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டு, தானே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பேனாவை மூடுவார். இதைப் பெருமையாக வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

அப்படிப்பட்டவர் அன்றைக்கே ஒரு வேலை செய்தார். டிவியின் பிளக்கைப் பிடுங்கி, அதில் தன் பையில் கிடந்த டிப்போவின் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். 'ஆய்வில் உள்ளது. இயக்கக் கூடாது.'

"எனக்கு சத்தம் வந்தா போதுங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றாள் அவள்.

"படம் இல்லாம சத்தத்தை மட்டும் வெச்சு என்ன பண்றது? ஹாரன் மட்டும் அடிக்கிற பஸ்ல யாராவது ஏறுவாங்களா?"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார். அட்டையை அவிழ்க்க அவளுக்கு அரை நிமிஷம் ஆகாது. ஆனாலும் அவளுக்கும் ரோஷம் இருக்கிறதே. கட்டினவரே அவிழ்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மெஷினில் உட்கார்ந்தபோதுதான் அந்த வீடு எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரிந்தது. இருப்பது இரண்டே அறை. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. புருஷன் எட்டு மணிக்குப் போனால் ஆறு மணிக்கு வருவார். நடுவில் மெஷின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்குள் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்துவிட்டாள். பிரிக்கும்போது அழுகை வந்தது. சட்டைக்காக அழவில்லை என்பது அவளுக்கே தெரியும்.

"அந்தப் பழசைத் தூக்கிப் போடும்மா, போன்லயே சீரியல் போட்டுக் கேளு" என்றாள் மகள், ராத்திரி போனில் பேசும்போது.

கேட்டுப் பார்த்தாள். போன் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்றுவிட்டு, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாயா என்று திரையில் கேட்டது. ஒரு கையில் துணி, ஒரு கையில் ஊசி. எந்தக் கையால் அதற்குப் பதில் சொல்வது?

இந்தப் பக்கம் ஆய்வு ஆற அமர நடந்துகொண்டிருந்தது. முதல் வாரம் டிவி மெக்கானிக் வந்தார். மூடியைக் கழற்றி, பதினாறு வருஷத் தூசியை அவள் தைத்து மடித்து வைத்திருந்த சட்டைகள்மேல் ஊதிவிட்டு, "ட்யூப் நல்லாருக்கு, சத்தம் பிரமாதமா இருக்கு, படத்தை விரிச்சுக் குடுக்கிற ஐசிதான் போயிடுச்சு. இப்ப அது வர்றதில்ல. பழைய செட்டு எங்கயாவது கிடைச்சா உருவிப் போடலாம்" என்றார்.

"அப்ப சரி பண்ணலாம்னு சொல்றீங்களா, பண்ண முடியாதுன்னு சொல்றீங்களா?"

"கிடைச்சா பண்ணலாம் சார். கிடைக்கலைன்னா முடியாது."

இந்த மாதிரி பதில் கட்டம் சாருக்குக் கற்கண்டு. மதில் மேல் பூனைக்கு இன்னொரு மதில் கிடைத்த மாதிரி ஆயிற்று. அடுத்த வாரம் முழுக்க, பழுது பார்ப்பதற்கு ஐந்து காரணமும் புதுசு வாங்குவதற்கு ஐந்து காரணமும் சொல்லி, இரண்டையும் அவரே மறுத்தார். சாயங்காலம் டிவி இல்லாததால் அவர் அவளோடு பேசத்தான் செய்தார். பேசினதெல்லாம் டிவியைப் பற்றி.

எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்று அவள் வாய்விட்டே சொன்னாள். யார் எலிப்புழுக்கை என்றுகூட அவர் கேட்கவில்லை.

பிறகு கடைக்குக் கூட்டிப்போனார். சுவர் முழுக்க மெல்லிசு மெல்லிசான டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே அருவி கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைப் போடச் சொல்லிவிட்டு, அவள் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்காரர் பதறிப்போய்ச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அம்மா, டிவி அந்தப் பக்கம் இருக்கு."

"தெரியும். பேசாம இருங்க, கேக்கணும்."

கட்டம் சாருக்குக் கூச்சமாகிவிட்டது. "ஒண்ணுமில்லங்க, எம்மேல கோவத்துல இருக்கா" என்றார்.

கோபம் என்னவோ இருந்தது. ஆனால் அவள் திரும்பி நின்றது அதற்காக இல்லை. அந்த மெல்லிசு டிவியில் ஒலிபெருக்கியைப் பின்பக்கம் வைத்திருந்தார்கள். போர்வைக்குள் படுத்துக்கொண்டு யாரோ பேசுவதுபோல் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் எத்தனை அங்குலம் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். செவிடன் காதில் சங்கு ஊதி அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவர் டிப்போ படிவத்தையே கொண்டுவந்து மேசையில் விரித்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். அப்போது மெக்கானிக்கிடமிருந்து போன் வரவே, எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அவள் எட்டிப் பார்த்தாள். வாகனம் என்பதை அடித்துவிட்டு டிவி என்று எழுதியிருந்தார். வயது, பதினாறு. வெளித்தோற்றம், திருப்தி. படம், இல்லை. ஒலி, நன்று. உதிரி பாகம், ஐயம். கடைசியாக ஓட்டுநர் கருத்து. அந்தக் கட்டத்தில் அழகான கையெழுத்தில், 'ஓட்டுநர் இல்லை.'

இந்த மனுஷன் சாயங்காலம் அரைமணி நேரம் செய்தி பார்க்கிறார். மிச்ச நேரமெல்லாம் இதை ஓட்டினது யார்? பேயா? ஊரில் உள்ள டிரைவரை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிறவருக்கு, வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

அவள் அவருடைய பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். அதன் கீழே எழுதினாள்: 'தினமும் ஒன்பது மணி நேரம் ஓட்டுகிறேன். ஒருநாளும் படம் பார்த்ததில்லை. குரல் மட்டும் போதும்.'

உள்ளே வந்தவர் படிவத்தைப் பார்த்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் கத்துகிற மனுஷன், கத்தவில்லை. இரண்டு தடவை படித்தார். பிறகு டிப்போவில் செய்வதையே செய்தார். போய் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்தார். முழங்கால் மெஷினில் இடித்தது. நேர் எதிரே ஜன்னல், அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவர், சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய்.

"இங்கேர்ந்து ஒண்ணுமே தெரியலையே" என்றார்.

"தெரியாது."

"பதினாறு வருஷமா இந்தக் குழாயைத்தான் பாத்துக்கிட்டிருந்தியா?"

"நான் கேட்டுக்கிட்டில்ல இருந்தேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர், மெதுவாக.

"சொன்னேன். ஹாரன்னு சிரிச்சீங்க."

அவர் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்கர்ட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"இதுக்கு ஓரம் நான் கையாலதான் தைக்கிறேன். ஒரு சுத்துக்கு எத்தனை தையல்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது, இருபது வருஷமாத் தெரியாமத்தான் தைச்சேன். முந்நூத்துப் பன்னெண்டு. டிவி ஓடாத இந்த மூணு வாரத்துல எண்ணிட்டேன்."

கட்டம் சார் அந்த ஓரத்தைக் கையில் பிடித்து ஒரு சுற்று முழுக்கத் தடவிப் பார்த்தார். எழுந்து போய்ப் பிளக்கில் கட்டியிருந்த சிவப்பு அட்டையை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போய் இருந்ததால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.