கோழித் தலையும் தங்கக் குழாயும்

லூகாங் ஊர்க் குழாய்த் தொழிற்சாலையில் பாலிஷ் போடுகிறவள் சூ யூச்சின். குழாயின் வளைவில் தன் மூக்கு தெளிவாகத் தெரியும்வரை அதைக் கீழே வைக்கமாட்டாள். துக்க வீட்டுக்குப் போனாலும் கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயை ஒருமுறை தடவிப் பார்ப்பாள். "நம்மளோடது இல்ல" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் அழ உட்காருவாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. ஆண்டிறுதி விருந்தில் சிறந்த தொழிலாளிக்கு, மரப்பலகையில் பதித்த தங்க முலாம் குழாய் ஒன்று தருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதைப் பளபளப்பாக்கி அனுப்புவது யூச்சின். வாங்கிக்கொண்டு போவது வேறு யாராவது.

இந்த முறை அவளுக்குத்தான் என்று காற்றுவாக்கில் செய்தி வந்தது. வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலிருந்த கடிகாரத்தைக் கழற்றி இடம் ஒதுக்கினாள்.

"திறந்தா தண்ணி வராத குழாய்க்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்றான் கணவன்.

"உன் வாயத் திறந்தாலும் உருப்படியா ஒண்ணும் வராது. உன்னயும் வீட்லதானே வச்சிருக்கேன்?"

விருந்தன்று வட்ட மேசையின் சுழல்தட்டில் முழுக்கோழி வந்து அமர்ந்தது. தலையோடு வந்தது. அலகு எந்தப் பக்கம் என்று எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

விருந்துக் கோழியின் அலகு யாரைப் பார்க்கிறதோ, புத்தாண்டுக்குப் பிறகு அவருக்கு வேலை இல்லை. வாயால் சொல்லக் கூச்சப்பட்ட அந்தக் கால முதலாளிகள் கோழியை விட்டுச் சொன்னார்கள். இவர்களுடைய பெரிய முதலாளி நல்லவர். தலையை வெட்டிவிட்டுத்தான் கொண்டுவரச் சொல்வார். இப்போது நடத்துவது அவர் மகன். பாலிஷ் போடும் இயந்திரத்துக்குப் போன மாதம் விலை விசாரித்ததும் இந்த மகன்தான்.

கோழி நேராக யூச்சினைப் பார்த்தது.

"பரிமாறினவன் தெரியாம வச்சிருப்பான்க்கா" என்று ஆறுதல் சொன்னாள் பெட்டி கட்டும் ஆ-லான்.

"அப்ப உன்னயே பாக்கட்டும்." யூச்சின் தட்டைச் சுழற்றினாள்.

"ஐயோ, எம் பிள்ளைங்க ரெண்டும் காலேஜ்ல படிக்குது!" ஆ-லான் திருப்பிச் சுழற்றினாள்.

"அம்மாடி, கோழிக்குத் தலை சுத்திடும் போல. ஒரு துண்டு எடுக்க விடுங்களேன்" என்றார் லாரி ஓட்டும் லியாவ். ஆனால் அலகு தன் பக்கம் வந்தபோது அவரும் சாப்பிடும் குச்சியால் ஒரு தள்ளு தள்ளினார்.

அந்த நேரம் பார்த்து மேடையில் சின்ன முதலாளியின் குரல் கேட்டது. "சிறந்த தொழிலாளி, பாலிஷ் பிரிவு, சூ யூச்சின்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. யூச்சின் எழவில்லை. தட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். குழாயைக் கையில் கொடுத்து வழியனுப்பத்தான் கூப்பிடுகிறார்களோ?

"போங்கக்கா, கூப்பிடறாங்க."

"முதல்ல நீ கைய எடு."

"நீங்க எடுங்க."

"பாத்தீங்களா அவங்க அடக்கத்த!" என்றார் மேடையில் முதலாளி. மறுபடியும் கைதட்டல்.

மூன்றாம் முறை பெயர் கேட்டதும் யூச்சின் ஒரு முடிவுக்கு வந்தாள். குச்சியால் கோழியின் கழுத்தை ஒரு திருகு திருகித் தலையை வாய்க்குள் போட்டு மூடிக்கொண்டு மேடையேறினாள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்று மைக்கை நீட்டினார் முதலாளி.

"ம்ம்."

அலகு கன்னத்தில் குத்தியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்று முதலாளியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கக் குழாயும் உப்பிய கன்னமுமாகப் புகைப்படம் எடுத்தார்கள்.

"இன்னொரு சேதி" என்றார் முதலாளி. "கோழி தலையோட வரணும்னு நான்தான் சொன்னேன். பயந்துட்டீங்கல்ல? எல்லா மேசைக்கும் வந்து தலைய என் பக்கம் திருப்பிக்கப் போறேன். யாரயும் அனுப்பப் போறதில்ல. போனா நான்தான் போகணும்!"

யூச்சினைப் பெருமையாக உடன் அழைத்துக்கொண்டு மேசை மேசையாகத் திருப்பிக்கொண்டே வந்தார். அவள் மேசைக்கு வந்ததும் நின்றார்.

"இதுல தலை எங்க?"

ஆ-லானும் லியாவும் யூச்சினின் கன்னத்தைப் பார்த்தார்கள்.

யூச்சின் திரும்பி நின்று, கைத்துணியில் அதை மெதுவாக எடுத்தாள். கை சும்மா இருக்குமா? பளபளக்கும்வரை துடைத்தாள். தலையிருந்த இடத்தில் பொருத்தி, அலகை முதலாளி பக்கம் மரியாதையாகத் திருப்பிவைத்தாள்.

லியாவ் குச்சியைத் தூக்கினார். "இப்பவாவது சாப்பிடலாமா?"