அம்மா வழுக்கி விழுந்த சமையலறை

ஜெர்மனியில் கொலோன் நகரத்துக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டில் ஜெர்மன் தெரிந்த ஒரே ஆள் நான்தான். டொக்டரிடம் அம்மாவின் முதுகுவலியைச் சொன்னதும் நான், பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னைப் பற்றிச் சொன்ன குறைகளை அம்மாவுக்குச் சொன்னதும் நான். பின்னதைக் கொஞ்சம் சுருக்கியே மொழிபெயர்ப்பேன்.

ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் எனக்கு ஓய்வு. அந்தக் காலத்துக் கலைநிகழ்ச்சிகளை ஜெர்மன் தொலைக்காட்சியில் மறுபடி போடுவார்கள். பாட்டுக்கும் நடனத்துக்கும் நடுவே ஒரு மெலிந்த கோமாளி தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வருவான். வழுக்குவான், தட்டுகள் பறக்கும், விழுந்த இடத்தில் இருந்தபடியே தொப்பியைக் கழற்றி வணங்குவான். அவன் என்ன சொல்கிறான் என்று அம்மா கேட்டதே இல்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பார். விழுகிறவனைப் பார்த்துச் சிரிக்கலாமா என்று கண்டித்துவிட்டு அப்பாவும் சிரிப்பார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை வேலைக்காக அம்மாவை நேரில் வரச் சொல்லி டெர்மின் கிடைத்தது. மொழி போதாது என்று வேறு இடங்களில் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார்கள். பொறுப்பாளராக இருந்த பெண் சிரிக்காதவர். அவர் அம்மாவைக் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். போகப்போக அவர் என்னை மட்டுமே பார்த்துப் பேசினார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, வந்ததற்குச் சமையலறையையாவது பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். வேலை இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். அதை மட்டும் நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

உள்ளே போக ஆளுக்கொரு காகிதத் தொப்பி தந்தார்கள். தரையை அப்போதுதான் கழுவியிருந்தார்கள். அம்மாவின் கால் வழுக்கியது. பிடிமானத்துக்குக் கையை நீட்டி, பிளாஸ்டிக் தட்டு அடுக்கொன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தார். தட்டுகள் எல்லாப் பக்கமும் உருண்டன. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையில் இருந்தபடியே காகிதத் தொப்பியைக் கழற்றி, தலை தாழ்த்தி வணங்கினார்.

பொறுப்பாளர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூச்சு திரும்பியதும், "நொக்மால்" என்றார்.

"இன்னொருக்காவாம்..." என்று நான் தொடங்கினேன்.

"எனக்கு விளங்குது பிள்ளை" என்றார் அம்மா.

எழுந்து, ஒரு தட்டைத் தலைக்கு மேலே தூக்கித் தள்ளாடித் தள்ளாடிப் போய், விழாமல் அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். இருவரும் குனிந்து மற்றவற்றைப் பொறுக்கினார்கள். பொறுப்பாளர் தட்டு, கரண்டி, வாளி என்று ஒவ்வொன்றையும் காட்டி ஜெர்மனில் பெயர் சொல்ல, அம்மா திருப்பிச் சொன்னார். பிழையாகச் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

டிராமில் நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க மறுத்தேன். "ஏனம்மா அப்பிடிச் செய்தனீங்கள்? எனக்கு வெட்கமாப் போச்சு" என்றேன். அம்மா இடுப்பைத் தடவியபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடைப் பலகைகளை வாய்க்குள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், என் ஜெர்மனால்தான் வேலை கிடைத்தது என்று அப்பாவிடம் பெருமையடித்தேன்.

"ஓம், பிள்ளை வடிவாக் கதைச்சவள்" என்றார் அம்மா.

அதை நெடுங்காலம் நம்பியிருந்தேன். அம்மாவுக்கு வேலை கிடைத்த அன்றே என்னுடைய வேலை போகத் தொடங்கிவிட்டது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.