மருதையின் சட்டைக் கை

சட்டம் பேசுவதற்கு முன் மருதை சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிடுவார். சுருட்டாவிட்டால் மனுஷனுக்குப் பேச்சே வராது. வழக்கு நாள்களில் நீதிமன்ற வாசல் வாதுமை மரத்தடியில் அவரைச் சுற்றி நாலு பேராவது இருப்பார்கள். விளக்கில்லாமல் வண்டி ஓட்டியவன், களவாக ரம் காய்ச்சியவன், அடுத்தவன் கரும்பில் மாட்டை மேயவிட்டவன்.

"மொதல்ல என்ன குத்தம்னு கேளு. அப்புறம் யாரு பார்த்தாங்கன்னு கேளு. கடைசியாத்தான் வாயைத் தொறக்கணும்," என்பார்.

ஒத்துக்கொண்டால் நீதிபதி துரை கொஞ்சம் இறங்கிவருவார். மறுத்தால், தண்டிக்க எதிர்ச்சாட்சி நிலைக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். லாங் மவுண்டன் கிராமத்தில் துண்டு நிலமும் ஒரு ஜோடி மாடும் வைத்துக்கொண்டு, இருபது வருஷமாகப் பின்பெஞ்சில் உட்கார்ந்து காதால் படித்த சட்டம்.

அப்பேர்ப்பட்டவர்தான் இந்தத் தை மாதம் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார். அதுவும் காவடிக்குக் காப்புக் கட்டிய ஆறாம் நாள்! மகள் காய்ச்சலில் பிழைத்ததற்கான நேர்த்திக்கடன் அது. கத்தரிக்காயைச் சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்புகையில், தேர் ரூஜ் ஊர்ச் சாராயக்கடையில் பழைய கூட்டாளி ஒருவன் கிளாஸை நீட்டினான். ஒன்று மூன்றாயிற்று. பட்டப்பகலில், சலவைக்காரி ஜோசெட்டின் பாதத்தில் வண்டிச் சக்கரம் ஏறி இறங்கியது. மருதைதான் இறங்கி ஓடி அவளைத் தூக்கினார். அவர் வாய் நாற்றம் அவளுக்கு மட்டும் தெரியும். போலீஸ்காரன் வந்து சேர்வதற்குள் சாயங்காலமாகி, அந்த நாற்றமும் போய்விட்டது.

வக்கீல் குமாஸ்தா ரொஜேக்கு ஒரே குஷி. கேஸில் ஒன்றுமே இல்லையாம்.

"மணிக்கட்டைக் காட்டு, போதும். காப்புக் கட்டின தமிழன் குடிக்கமாட்டான்னு துரைக்கே தெரியும். அந்தப் பொம்பளைதான் பொய்க்காரி ஆவா," என்று கிரியோல் பாஷையில் சொல்லிச் சிரித்தான்.

மனைவி தனலட்சுமியும் அதையேதான் நம்பினாள். நோன்பு இருக்கிறவர்மேல் அபாண்டம் சொல்கிறாளே என்று ஜோசெட்டின் வாசலுக்கே போய் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். அதைக் கேட்ட மருதைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. ஆனாலும் அவள் போட்ட விரதச் சாப்பாட்டைத் தலைநிமிராமல் சாப்பிட்டு எழுந்தார்.

காவடிக்கு முதல்நாள் வழக்கு. கூண்டில் ஏறும்போதே, பழக்கதோஷம், சட்டைக் கை சுருண்டிருந்தது. மஞ்சள் காப்பு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. குற்றத்தைப் படித்தார்கள். பின்னால் ரொஜே தன் மணிக்கட்டைத் தட்டித் தட்டிக் காட்டினான். எதிரே ஜோசெட், கட்டுப்போட்ட காலைத் தரையில் ஊன்ற முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கூப்பாப்," என்றார் மருதை. குற்றவாளிதான் என்று.

ரொஜே தலையில் கைவைத்துக்கொண்டான். தனலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். தண்டனையைக் குறைக்க ஏதாவது சொல்ல வேண்டுமா என்று துரை கேட்டார். முதல் தப்பு, சின்னப் பிள்ளை வீட்டில் இருக்கிறது என்றெல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் எத்தனை பேருக்கு அவர் பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்!

மருதை சுருண்டிருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கி, காப்பு தெரியாதபடி இழுத்துவிட்டு, மணிக்கட்டில் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.