‘மீட் யூ இன் பர்சன்’ என்று அனுப்பிவிட்டு...

போன ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பினால் பக்கத்துக் குழாயில் சுப்பிரமணி அண்ணன்.

பார்க்காத மாதிரி மறுபடியும் கை கழுவ ஆரம்பித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

சேலத்தில் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஆபீசில் அவருக்குப் பக்கத்து மேஜை எனக்கு. எட்டு வருஷம். தினமும் சங்ககிரியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் மனைவி மல்லிகா அக்கா கட்டிக்கொடுக்கும் டிபன் கேரியரில் ஒரு அடுக்கு எனக்கு. கேட்டு வாங்கியதில்லை; தானாக வரும்.

நாலு மாதத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அக்கா தவறிவிட்டார். நான் அன்று சென்னையில், ஒரு மீட்டிங்கில். மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு டைப் செய்தேன்: “சாரி அண்ணா. வில் மீட் யூ இன் பர்சன்.”

அதோடு சரி.

இந்த ‘இன் பர்சன்’ இருக்கிறதே... அகராதியில் ‘நேரில்’ என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது. புழக்கத்தில் அப்படியா? மேனேஜர் ‘இன் பர்சன் பேசலாம்’ என்றால் யாருக்கோ வேலை போகப் போகிறது. நான் எழுதுவதைப் படிக்கிற வாசகர் ‘இன் பர்சன் பார்க்கணும் சார்’ என்றால் பையில் கவிதை நோட்டு இருக்கிறது. நான் சொன்னால்? இப்போதைக்கு வரமாட்டேன் என்று அர்த்தம். ‘நேரில் வருகிறேன்’ என்று தமிழில் எழுதியிருந்தால், என்றைக்கு, எந்த பஸ்ஸில் என்று மனசு குடைந்திருக்கும். இங்கிலீஷில் சொன்னதும் போய்விட்டு வந்த மாதிரியே ஆகிவிட்டது.

சாக்குக்கா பஞ்சம்? செவ்வாய், வெள்ளி துக்கம் கேட்கக் கூடாது. சனிக்கிழமை வீட்டு வேலை. ஞாயிறு அலுப்பு. நடுவில் மூன்று தடவை பைபாஸில் ஈரோட்டுக்குப் போனேன். சங்ககிரி மலை கண்ணில் படும்போதெல்லாம் காரில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். நாளாக ஆகப் போவதற்கு வெட்கம். வெட்கத்தில் இன்னும் நாளானது.

இப்போது ஆள் முகத்துக்கு நேரே நிற்கிறார். கேட்டுவிடலாமா? கல்யாண மண்டபத்தில் துக்கம் கேட்பது எங்கள் பக்கம் ஆகவே ஆகாது.

“சாப்டயா சாமி?” என்றார்.

“ஆச்சுங்கண்ணா.”

கர்ச்சீப்பை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

“அண்ணா, நானு...”

“இங்க ஒண்ணும் வேண்டாஞ் சாமி. நல்ல காரியம் நடக்கற எடம்.” குரலைத் தாழ்த்தினார். “ஊட்டுக்கு வா. எல்லாத்துகிட்டயும் சொல்லியாச்சு. உங்கிட்டத்தான் இன்னுஞ் சொல்லல.”

நான் என்ன சொல்லி ஆறுதல் தருவது என்று நாலு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். அவரோ என்னிடம் சொல்வதற்குக் காத்திருந்திருக்கிறார். தாம்பூலப் பைகூட வாங்கவில்லை. அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு நேரே சங்ககிரி போனேன். கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட கையோடு துக்க வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

அவர் பேசினார். சாதாரணக் காய்ச்சல் என்று ஆரம்பித்தது, ஆஸ்பத்திரி மாற்றியது, அக்கா கேட்ட காபியில் சர்க்கரை போடுவதா வேண்டாமா என்று நர்ஸிடம் சண்டை பிடித்தது... ஒன்று விடவில்லை. “சர்க்கர போட்டே குடுத்திருக்கலாஞ் சாமி” என்று மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகளைக் காதில் வாங்க அவருக்கு நேரமே இல்லை. எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் போதும் அவருக்கு.

துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது ‘வாரேன்’ என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்தேன்.

அப்படிச் சொல்லாமல் வந்தவன், புதன்கிழமையே மறுபடியும் போய் நின்றேன்.